வானிலிருந்து குதித்தவரும் வரிசையிலிருந்து எழுந்தவரும்

காஞ்சிபுரத்தை விட்டு வேலூர்ச் சாலையில் மேற்கே போகிறவர் பாலுசெட்டிசத்திரத்தை நெருங்கும்போது, பக்கத்திலேயே திருப்புட்குழி இருக்கிறது. புள் என்றால் பறவை. குழி என்றால், பாட்டிக்கும் பேரனுக்கும் ஒன்றுபோல் புரிகிற அதே குழிதான். பறவைக்குக் குழி வெட்டிய ஊர்! அரசனுக்குக் குழி வெட்டிய ஊர்கள் ஆயிரம் இருக்கலாம். அவற்றுள் எத்தனை அந்தக் குழியைப் பெயராகச் சூட்டிக்கொண்டு, அதற்குத் 'திரு'வும் சேர்த்துக்கொண்டு நிற்கின்றன?

சீதையைத் தூக்கிக்கொண்டு வான்வழியே பறந்த இலங்கை வேந்தனை, வயது முதிர்ந்த கழுகான சடாயு வழிமறித்தது. அலகாலும் நகத்தாலும் போரிட்டது. சிறகு அறுபட்டு மண்ணில் விழுந்தது என்பது கதை. மகன் தந்தைக்குச் செய்யும் கடனை இராமன் அந்தப் பறவைக்கு இங்கே செய்தான் என்பது தலபுராணம். விசயராகவப் பெருமாள் கோயிலையும் சடாயு தீர்த்தத்தையும் அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். நடந்ததா, நடக்கவில்லையா என்ற வழக்கை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு வேறு நாளும் வேறு மேடையும் உண்டு! இங்கே நாம் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. அயோத்தியின் படைப்பட்டியலில் இடம் இல்லாத ஒரு போராளி. தேர் இல்லை, வில் இல்லை, பட்டம் இல்லை, பதவி இல்லை. வானத்திலே சண்டையிட்டு மண்ணிலே மாண்ட அந்த ஒன்றின் பெயரைத்தான் மக்கள் ஊருக்கு வைத்தார்கள்.

வானத்திலிருந்து இறங்கிப் போரிடுகிற காலாட்படை நம் காலத்தில் உண்டு. பாரசூட் படை என்பார்கள். வான்குடைப் படை என்று நாம் சொல்லலாம். அந்தப் படையைப் பற்றியும், படைவரிசையின் அடியிலிருந்து ஏறி வந்த ஆட்களைப் பற்றியும் எழுதப் புகும்போது திருப்புட்குழியின் பெயர் முன்னே வந்து நிற்பது தற்செயலாகவே இருக்கட்டும். அதைவிட நெருக்கமான உறவு ஒன்றும் இந்த வட்டாரத்துக்கு உண்டு.

காஞ்சி வட்டாரத்தில் இன்னொரு குழி இருக்கிறது. குழித்தறி! தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, மிதிகட்டையை மிதித்து, நாடாவை இடமும் வலமும் ஓடவிட்டு, பாவும் ஊடையுமாகப் பட்டை வளர்க்கிறானே நெசவாளி, அவன் உட்கார்ந்திருக்கும் குழி. அவன் கைக்கு வரும் பட்டு நூல் மைசூர்ச் சீமையிலிருந்து வருவது. இரண்டாம் உலகப் போரின்போது அதே மைசூர்ப் பட்டுக்கு வேறோர் எசமான் வந்து சேர்ந்தான். ஜப்பான் எதிரி நாடாகிவிட்டது. ஜப்பானியப் பட்டு நின்றுவிட்டது. பாரசூட் துணிக்குப் பட்டு வேண்டும் என்று சர்க்கார் தேடியது. இங்கே மணப்பெண்ணின் முந்தானையாக வேண்டிய நூல், அங்கே மனித உயிரைத் தாங்கும் குடையாகத் தேவைப்பட்டது. அந்நாளைய வான்குடை ஒன்றுக்கு 28 அடி குறுக்களவு. அதிலிருந்து தொங்கும் கயிறுகள் 28. பட்டு போதாமற்போன பிறகுதான் நைலான் அந்த இடத்தைப் பிடித்தது.

பர்மாப் போர்முனையில் ஆட்களை இறக்க அல்ல, அரிசியும் ரவையும் இறக்கவே குடை பற்றாமற்போன வேளையில், தளபதி ஸ்லிம் கல்கத்தாவின் சணல் ஆலைகளிடம் போனார். சணலில் குடை செய்தார்கள். பட்டுக் குடையின் விலையில் இருபதில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. வேலையும் ஏறக்குறைய அதே அளவு செய்தது. போரை வென்றது பீரங்கி என்று எழுதுகிறவர்கள், தறியையும் கொஞ்சம் எழுதினால் குறைந்தா போவார்கள்?

சரி, குதித்த கதைக்கு வருவோம்.

1941-ஆம் ஆண்டு அக்டோபரில் 50-ஆவது இந்தியப் பாரசூட் பிரிகேடை வெள்ளை சர்க்கார் தொடங்கியது. டில்லி வெலிங்டன் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி. பள்ளி என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். விரல் விட்டு எண்ணத்தக்க வான்குடைகள், வேலன்ஷியா என்ற கிழட்டு விமானம், இரட்டைச் சிறகு, நடை தளர்ந்தது. அதன் தரையிலே ஓட்டை ஒன்று வெட்டியிருப்பார்கள். அந்த ஓட்டை வழியே விழ வேண்டும்! குடையின் உறையோடு பிணைத்த கயிறு விமானத்திலேயே தங்கி, விழுகிறவனின் எடையே உறையை உரித்துக் குடையை விரிக்கும். விரிந்தால் பிழைத்தான். விரியாவிட்டால் அந்தத் துறையில் இரண்டாவது கேள்விக்கு இடமில்லை.

முதலில் குதித்தவர்கள் வெள்ளை அதிகாரிகள், கராச்சியில். அவர்களுக்குப் பின்னே, இந்தியர்களில் முதன்முதல் குதித்தவர்கள் இருவர். ஒருவர் 152-ஆம் பட்டாளத்தின் மருத்துவர், லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ். ஆற்காட்டைத் தம் முதலெழுத்தில் சுமந்தவர். காஞ்சியிலிருந்து அதே வேலூர்ச் சாலையைப் பிடித்துப் போனால் அடைகிற ஆற்காடுதான் அது. மற்றவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். கீழ்வரிசையில் சிப்பாயாய்த் தொடங்கி, நாயக்காகி, ஹவில்தாராகி, படிப்படியாய் ஏறி அந்த ஓட்டையின் விளிம்புக்கு வந்தவர்.

தோழர்களே, இந்த இரண்டு பெயரையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள். ஒருவர் கையில் மருத்துவப் பட்டம். தோளில் அதிகாரியின் நட்சத்திரம். மற்றவர் தோளில் நட்சத்திரம் இல்லை. கையில் பல ஆண்டுப் பட்டாளத் தழும்பு. பூமி இருவரையும் ஒரே வேகத்தில் இழுத்தது. அதிகாரி மெல்ல விழுவதில்லை. ஹவில்தார் வேகமாக விழுவதில்லை. ஆனால் கீழே வந்து சேர்ந்த பிறகு, வரலாறு இருவரையும் ஒரே அளவில் எழுதியதா? ரங்கராஜின் பெயருக்குப் பின்னே கொரியா வருகிறது, விருது வருகிறது, கட்டுரைகள் வருகின்றன. மதுரா சிங், பாரசூட் படையின் வரலாற்றைச் சொல்லும் நூல்களில் பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்திலே வந்து, அந்த ஒரு வாக்கியத்திலேயே போய்விடுகிறார்.

ரங்கராஜைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. குறைக்க முடியாத மனிதர் அவர். கேளுங்கள்.

1950-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொரியாவில் போர் மூண்டது. ஐக்கிய நாடுகள் சபை படை கேட்டது. இந்தியா துப்பாக்கி ஏந்திய படையை அனுப்ப மறுத்து, மருந்துப்பெட்டி ஏந்திய படையை அனுப்பியது. 60-ஆவது பாரசூட் கள மருத்துவப் பிரிவு என்று அதற்குப் பெயர். தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். அந்த ஆண்டு நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஒரு பகுதி தேகு நகரில் தங்கி, மேஜர் என்.பி. பானர்ஜியின் கீழ் கொரியக் குடிமக்களுக்கும் மருத்துவம் பார்த்தது. மறு பகுதி போர்முனைக்கு, பிரிட்டிஷாரும் ஆஸ்திரேலியரும் இருந்த காமன்வெல்த் பிரிகேடோடு போயிற்று.

டிசம்பர் தொடங்கியது. சீனப் படை வெள்ளமெனப் பாய்ந்து வந்தது. பியாங்யாங் நகரைக் காலி செய்து ஓடு என்று கட்டளை. ஓட வண்டி எங்கே? இந்தியப் பிரிவுக்கென்று வண்டி இல்லை. மருந்தையும் அறுவைக் கருவிகளையும் அழித்துவிட்டு ஆட்கள் மட்டும் தப்பிக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கருவி இல்லாத மருத்துவன், நாடா இல்லாத நெசவாளி. கருவியை விட்டுப் போக அவர்களுக்கு மனம் இல்லை. ரயில் நிலையத்தருகே யாரோ கைவிட்டுப் போன நீராவி எஞ்சின் ஒன்று கண்ணில் பட்டது. சில பெட்டிகளும் இருந்தன. படையாட்களில் எஞ்சினைப் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தண்ணீர்? வரிசையாய் நின்று வாளி வாளியாய்க் கைமாற்றி ஊற்றினார்கள். நெருப்பு மூட்டினார்கள். உறைபனிக் குளிரில் கொதிகலன் மெல்லச் சூடேறியது. கருவி, மருந்து, காயம்பட்டவர் எல்லாம் ஏறின. வண்டி நகர்ந்தது. பாலத்தைத் தகர்க்கக் காத்திருந்த வேளையில் அதைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தது அந்த ரயில்!

இங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவோம். அந்த வாளியைக் கைமாற்றியவர்கள் யார்? நெருப்பு மூட்டியவர் யார்? எஞ்சின் கைப்பிடியைத் திருப்பியவர் யார்? பட்டம் பெற்ற மருத்துவர்கள் அந்தப் பிரிவில் கொஞ்சம் பேர்தான். முந்நூறு சொச்சம் பேர் கொண்ட பிரிவில் மற்றவர்கள் எல்லாரும் வரிசையாட்கள்: மருந்து கட்டுகிறவர், தூளி தூக்குகிறவர், சமைக்கிறவர், சவரம் செய்கிறவர். ரயிலைக் கொண்டுவந்த கதை உலகறிந்தது. கொண்டுவந்த கைகளின் கதை யார் அறிந்தது?

அடுத்த ஆண்டு, 1951 மார்ச் 23. டோமஹாக் என்று அமெரிக்கர் பெயரிட்ட நடவடிக்கை. சியோலுக்கு வடக்கே முன்சான் என்ற இடத்தில், பின்வாங்கும் எதிரியின் பின்னால், அமெரிக்காவின் 187-ஆவது வான்குடைப் படை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு குதித்தது. அவர்களோடு இந்தியர் பன்னிருவரும் குதித்தார்கள். துப்பாக்கியால் சுட அல்ல, துப்பாக்கியால் சுடப்பட்டவனைக் காப்பாற்ற! அந்தப் பன்னிருவரில் ரங்கராஜும் ஒருவர். தலைவன் பின்னே நின்று ஆட்களை அனுப்பவில்லை, தானும் குதித்தான். குண்டு பாயும் களத்தில் கூடாரம் போட்டு, வயிறு கிழிந்தவனுக்கும் கால் போனவனுக்கும் அங்கேயே கத்தி வைத்தார்கள். கருஞ்சிவப்புத் தொப்பி அணிந்து வந்த அவர்களை அந்நியப் படையினர் தேவதூதர் என்றே அழைத்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கர விருது. பானர்ஜிக்கும் அதே விருது. வேறு சிலருக்கு வீர் சக்கரம். 1953 ஜூலையில் போர் நின்றது. அதன் பிறகும் தங்கிப் பணி செய்து, 1954-இல்தான் பிரிவு தாயகம் திரும்பியது.

இனி, வரிசையிலிருந்து எழுவது என்றால் என்ன என்று பார்ப்போம்.

'சுபேதார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மொகலாயர் காலத்தில் சுபா என்றால் மாகாணம்; அதை ஆண்டவன் சுபேதார். தக்காணத்தின் சுபேதார் என்றால் ஆற்காட்டு நவாபும் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஆள். அந்தப் பட்டத்தை வெள்ளைக்காரன் எடுத்து, முப்பது ஆண்டு துப்பாக்கி தூக்கி நரைத்த இந்தியனின் தோளில் மாட்டினான். மாட்டிவிட்டு, நேற்று கப்பலிலிருந்து இறங்கிய இருபது வயது வெள்ளை லெப்டினன்டுக்கு அவனைச் சல்யூட் அடிக்க வைத்தான்! மாகாணத்தை ஆண்டவனின் பட்டம். மீசை முளைக்காதவனின் கட்டளை. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று ஏணியில் எத்தனை படி இருந்தாலும் அதன் உச்சி, அதிகாரியின் வாசற்படிக்குக் கீழேயே முடிந்தது. (ஜமேதார் என்ற பெயர் 1965-இல் நாயப் சுபேதார் என மாறிற்று.)

சென்னைப் படையாளுக்கோ இன்னொரு சுமையும் இருந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாய் இருந்த ராபர்ட்ஸ் துரை, தெற்கத்தியான் போருக்கு உதவான், வடமேற்கத்தியானே வீரப் பிறவி என்ற எண்ணத்தைப் படையின் கொள்கையாக்கிவிட்டுப் போனார். வீரத்தைத் தோலின் நிறத்திலும் எலும்பின் நீளத்திலும் அளந்த கொள்கை! விளைவு என்ன? சென்னைக் காலாட்படைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாய்க் குறைக்கப்பட்டு, 1920-களில் மிச்சமிருந்தவையும் கலைக்கப்பட்டன. கிளைவு காலத்திலிருந்து கம்பெனிக்குக் கோட்டை பிடித்துக் கொடுத்தவனுக்குக் கிடைத்த பரிசு அது. 1941-இல் ஜப்பான் வாசலுக்கு வந்தபோதுதான் 'ஐயா, மறுபடி வாருங்கள்' என்று சென்னை ரெஜிமென்டைத் திரும்பவும் எழுப்பினார்கள். ஆபத்து வந்தால் மாறிவிடுகிற எலும்பு அளவு, என்ன அறிவியலோ!

இடைக்காலத்தில் தப்பிப் பிழைத்தது ஒன்றுதான்: பெங்களூரில் இருந்த சென்னைச் சாப்பர் படை. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் தொழில். அந்தப் படையாட்களை எந்த மொழி பேசும் அதிகாரியும் 'தம்பி' என்றே அழைப்பார். சர்தார் இல்லை, பகதூர் இல்லை. தம்பி! நமக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும்.

அந்தத் தம்பிகளில் ஒருவர் சுப்பிரமணியன். ஊர், இதே காஞ்சி வட்டாரத்துக் கீழ்ஒட்டிவாக்கம். அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லா. படையின் வரிசையில் ஏறி, சுபேதார் ஆனவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் போனார். 1944-இல், மலைக்கோட்டை போல் வழியை மறித்துக்கொண்டிருந்த கசினோவுக்குத் தெற்கே, மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி நிறைந்த நிலத்தைத் துப்புரவு செய்யும் வேலை. காதில் குழல் வைத்துக் கருவியால் மண்ணைத் தடவிக்கொண்டு சுபேதார் முன்னே போகிறார். பின்னே அவருடைய ஆட்கள். வரிசையில் வந்த ஒருவனின் கால் பட்டுக் கண்ணி ஒன்று உயிர்பெற்றது. அந்த வகைக் கண்ணி, மிதித்த கணத்திலேயே வெடிப்பதில்லை. சில நொடி தாமதித்து, மண்ணிலிருந்து இடுப்பளவு தாவி எழுந்து, பிறகு சிதறும். சுற்றி நிற்கும் அத்தனை பேரையும் சாய்க்கவே அப்படிச் செய்தார்கள்.

சில நொடி! ஓட நினைத்தவனுக்கு அது போதாது. சுப்பிரமணியன் ஓட நினைக்கவில்லை. அந்தக் கண்ணியின் மேலேயே விழுந்தார். தம் உடலால் அதை மூடினார். ஆட்கள் பிழைத்தார்கள்.

எதிரியின் நேர்முகத்தில் அல்லாத வீரத்துக்கு அந்நாளைய பிரிட்டனில் மிக உயர்ந்த விருது ஜார்ஜ் சிலுவை, 1940-இல் ஏற்படுத்தியது. அதைப் பெற்ற முதல் இந்தியர், கீழ்ஒட்டிவாக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன்தான். பதக்கத்தை அவருடைய மனைவி வாங்கிக்கொண்டார். ராபர்ட்ஸ் துரையின் எலும்புக்கணக்குக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

அவர் வான்குடைப் படையினர் அல்லர். மண்ணைத் தடவித் தடவி நடந்தவர். ஆயினும் விமானத்தின் ஓட்டை விளிம்பில் நின்ற ஹவில்தார் மேஜருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? இரண்டு பேரும் கல்லூரி வழியே படைக்கு வந்தவர்கள் அல்லர். இரண்டு பேருக்கும் கட்டளையிடப் பிறந்தோர் வேறு யாரோ என்று அந்தக் காலம் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் முன்னே போனார்கள். பின்னே ஆட்கள் வந்தார்கள்.

ஏணியின் உச்சிக்கு மேலே வழி திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1932-இல் டேராடூனில் படைக் கழகம் திறந்தபோது, முதல் வகுப்பில் 40 பேர். அவர்களில் 15 பேர் போட்டித் தேர்வில் வந்தவர்கள். 15 பேர் படையின் வரிசையிலிருந்து வந்தவர்கள். எஞ்சியோர் சமஸ்தானப் படையினர். தேர்வில் வந்தவர்களில் ஒருவர் மானெக்‌ஷா. வரிசையிலிருந்து வந்தவர்களில் ஒருவர், சிப்பாயாகச் சேர்ந்த முகமது மூசா. ஒருவர் 1971 போரில் இந்தியப் படையின் தலைவர். மற்றவர் 1958-இல் பாகிஸ்தான் படையின் தலைவர். நாடு பிரிந்தது; அது வேறு வேதனை. ஆனால் சிப்பாய்க்கு வாசலைத் திறந்தால் அவனும் தலைமை அறை வரை நடப்பான் என்பதை ஒரே வகுப்பு காட்டிவிட்டது அல்லவா? பின்னாளில் அந்த வாசலை நிலையாக்க, 1960-இல் புனேயில் படைக் கேடட் கல்லூரி தொடங்கியது. 1977-இல் டேராடூனுக்கு மாறியது. சிப்பாயாய் இருப்பவன் அங்கே படித்து அதிகாரியாகலாம்.

வான்குடைப் படையும் வளர்ந்தது. 1952-இல் பாரசூட் ரெஜிமென்ட் என்ற தனி அமைப்பு. ஆக்ராவில் பயிற்சி, ஐந்து முறை குதித்தால் மார்பில் சிறகு. 1971 டிசம்பர் 11-இல் கிழக்கு வங்கத்தின் டாங்கைல் அருகே இரண்டாவது பட்டாளம் குதித்து, பின்வாங்கும் பாகிஸ்தான் படையின் பாலத்தைப் பிடித்தது. ஐந்தே நாளில் டாக்கா விழுந்தது. பட்டாளத்தின் தலைவர் பன்னுவுக்கு மகாவீர் சக்கரம். சரியான விருதுதான். ஆனால் அவர் பெயரைச் சொல்லத் தெரிந்த நம் பிள்ளைகளிடம், அன்று குதித்த ஒரு நாயக்கின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்!

அமெரிக்காவைப் பாருங்கள். அதன் அரசியலைப் பற்றி நமக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் 1944 ஜூன் 6-இல் நார்மண்டியில் குதித்த 101-ஆவது வான்குடைப் பிரிவின் ஒரே ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டு, பல ஆண்டு கழித்து உயிரோடிருந்த கிழவர்களையெல்லாம் தேடிப்பிடித்து, அவன் என்ன தின்றான், எங்கே அழுதான், யாரை நம்பினான் என்று கேட்டு எழுதினார்கள். நூல் வந்தது, தொலைக்காட்சித் தொடரும் வந்தது. அந்தக் கம்பெனியின் தலைவராய் விளங்கிய ரிச்சர்ட் விண்டர்ஸ் 1941-இல் சாதாரணப் படையாளாய்ச் சேர்ந்தவர். சார்ஜென்டாய் இருந்த கார்வுட் லிப்டன் போர்க்களத்திலேயே அதிகாரியாக்கப்பட்டவர். அவர்கள் பெயரைச் சென்னைக் கல்லூரி மாணவன் சொல்கிறான். கீழ்ஒட்டிவாக்கத்தின் பெயரைச் சொல்ல, காஞ்சிபுரத்துக் கல்லூரி மாணவன் எத்தனை பேர்?

நம் வட்டாரத்திலேயே தூண் நடத் தெரியாமல் இல்லை. காஞ்சிக்கு வடக்கே புள்ளலூர். பல்லவன் போரிட்ட களம் என்பர். 1780 செப்டம்பர் 10-இல் ஹைதரும் திப்புவும் கம்பெனியின் பெய்லி படையை அங்கே சுற்றி வளைத்தார்கள். மைசூர்ப் படை ஏவிய வாணங்கள் வானில் சீறி வந்தன, கம்பெனியின் வெடிமருந்து வண்டி தீப்பற்றியது, படை அழிந்தது. மறு ஆண்டு மீண்டும் அங்கே போர். அதில் விழுந்த வெள்ளை அதிகாரிகள் இருவருக்கு எழுப்பிய தூண்கள் புள்ளலூரில் இன்றும் நிற்கின்றன. இரண்டு அதிகாரிக்கு இரண்டு தூண். அவர்களோடு விழுந்த சென்னைச் சிப்பாய்களுக்கு? புல் முளைத்தது.

முதல் உலகப் போருக்குப் பின் சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்ததாய் நினைத்துக்கொண்டது. ஆள் அனுப்பிய கிராமங்களில் சலவைக்கல் பதித்தது. 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றனர். அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர்' என்று செதுக்கியிருக்கும். எண் இருக்கும். பெயர் இராது! ஆடு மாடு கணக்கெடுத்தாற்போல் ஆளைக் கணக்கெடுத்துக் கல்லில் வெட்டிவிட்டுப் போனார்கள். விடுதலைக்குப் பிறகும் பல ஊர்களில் அந்தக் கல் அப்படியேதான் இருக்கிறது. நாமும் பெயரைச் சேர்த்துச் செதுக்கவில்லை.

2020 ஜூனில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்விட்ட ஹவில்தார் பழனி இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அடுத்த ஆண்டு அவருக்கு வீர் சக்கரம் அறிவித்தார்கள். அன்று தொலைக்காட்சி பேசிற்று, தலைவர்கள் பேசினார்கள். நல்லது. ஆனால் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல, வீடுதோறும் படைக்கு ஆள் அனுப்பிப் பட்டாள ஊர் என்றே பேரெடுத்த கிராமங்களில், தொலைக்காட்சி பேசாத எத்தனையோ ஹவில்தார்கள் இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஆக்ராவில் ஐந்து முறை குதித்துச் சிறகு வாங்கியவர் இருக்கலாம். குதிக்கும் முன் என்ன நினைத்தாய் என்று பேரனாவது கேட்டிருப்பானா?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலை அன்று. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே பதிவேடு இருக்கிறது. ஊராட்சிதோறும் அலுவலகச் சுவர் இருக்கிறது. அதில் வெள்ளையடிக்க ஆண்டுதோறும் பணமும் இருக்கிறது. அந்தச் சுவரில் ஊரிலிருந்து படைக்குப் போனவர்களின் பெயர், படை, போன ஆண்டு, வந்த ஆண்டு, வராமற்போன ஆண்டு ஆகியவற்றை எழுதலாம். பள்ளிப் பிள்ளைகளை விட்டுத் திண்ணைக் கிழவர்களின் கதையைக் கேட்டு எழுதச் சொல்லலாம். காஞ்சிபுரம் மாவட்டம் தொடங்கட்டும். கீழ்ஒட்டிவாக்கம் முதல் பலகையை வைக்கட்டும். திருப்புட்குழி இரண்டாவது வைக்கட்டும்.

பலகையில் யார் பெயர் முதலில் என்று ஊரில் சண்டை வரும். வராமல் இருக்குமா, நம் ஊராயிற்றே! பதவி வரிசை வேண்டாம். அகர வரிசையில் எழுதுங்கள். சிப்பாய் பெயர் அகரத்தில் தொடங்கினால் அவன் மேலே இருக்கட்டும். கர்னல் பெயர் யகரத்தில் தொடங்கினால் அவர் அதற்குரிய இடத்தில், கீழே, வந்துகொள்ளட்டும்.